ஊர்வீட்டிலிருந்து தோட்டத்துக்கு: 1.4 கிலோமீட்டர் காற்றுவழி இணைய இணைப்பு கட்டிய விவரம்

எங்கள் ஊருக்குள் கண்ணாடி இழை இணையம் வந்து வெகுநாளாகிறது. நாங்கள் குடியிருப்பது ஊருக்குள் இல்லை, தோட்டத்தில். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகிற பக்கம் வந்து பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு தெரிந்திருக்கும். கோயிலைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள்; மீதிக் குடும்பமெல்லாம் அவரவர் தோட்டத்துச் சாலையிலேயே, அதாவது தோட்டத்து வீட்டிலேயே இருக்கும். நடுவில் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலமும் கிளுவை வேலியும், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி என்கிற மண்பாதையும்தான். ஊரிலிருந்து எங்கள் தோட்டம் நேர்க்கோட்டில் 1.4 கிலோமீட்டர். இட்டேரி சுற்றி வந்தால் அதைவிட அதிகம்.

கிராமங்களுக்கு இழை இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் 2011 இல் வேறு பெயரில் தொடங்கியபோதே அதன் இலக்கு ஊராட்சி அலுவலகம் வரை இழையைக் கொண்டுசேர்ப்பது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலையை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம் செய்கிறது. அது பெரிய வேலை, நல்ல வேலை. ஆனால் கொங்குப் பக்கத்தில் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டது என்பதால் எல்லோர் வீட்டுக்கும் இணையம் வந்துவிட்டதாக ஆகாது. கேபிள்காரரிடம் கேட்டேன். "ஒத்த வூட்டுக்கு அத்தன தூரம் இழுத்தா எனக்குக் கட்டுபடி ஆவாதுங்க. சோளத்தட்டு ஏத்திக்கிட்டு வர்ற வண்டி மாசம் ஒருக்கா அத்துட்டுப் போயிரும்" என்றார். அவர் சொன்னது நியாயம். பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்களும் இந்த ஒன்றரை கிலோமீட்டருக்காகத் தோட்டத்தை விட்டு டவுனில் வாடகைக்குக் குடிபோவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. மாடு கன்றை விட்டுவிட்டு அப்பா வரமாட்டார், அவரைத் தனியே விட்டுவிட்டு நாங்களும் போகமாட்டோம். அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

செல்போன் இணையம் எங்களுக்கு ஏன் போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவருக்கும் எங்களுக்கும் நடுவே மேடு ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் 4ஜி சிக்னல் மைனஸ் 118 டிபிஎம்மில் நிற்கும். டிபிஎம் என்பது சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு; மைனஸ் எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க பலம் அதிகம். பாட்டு கேட்கலாம், வாட்ஸ்அப்பில் கொப்பரை விலை பார்க்கலாம். வீடியோவில் பேச உட்கார்ந்தால் நம் முகம் எதிராளிக்கு உறைந்துவிடும், ஏனென்றால் மேலே அனுப்பும் வேகம்தான் முதலில் சாகிறது. 2023 முதல் அரசின் வரையறைப்படி குறைந்தது 2 எம்பிபிஎஸ் பதிவிறக்கம் இருந்தால்தான் அது பிராட்பேண்ட். அதற்கு முன்பு 512 கேபிபிஎஸ் போதும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் சாயங்காலம் அந்தப் பழைய வரையறையே எட்டாது.

எங்களுக்கு இருந்த வசதி ஊர்வீடு. நோம்பிக்கும் விசேஷத்துக்கும் மட்டும் திறக்கிற, தாத்தா கட்டிய மச்சுவீடு. அங்கே எங்கள் பெயரில் ஒரு ஃபைபர் இணைப்பு வாங்கி, மச்சின் மேலிருந்து தோட்டத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். 2018 இல் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை, வெட்டவெளியில் பயன்படுத்துவதற்கும் சேர்த்து, உரிமம் தேவையில்லாததாக அறிவித்துவிட்டது. குறிப்பிட்ட சக்திக்குள் இருந்தால் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

பார்வைக்கோடு

இந்த மாதிரி இணைப்பில் பணத்தைவிடப் பெரிய விஷயம், ஒரு முனையிலிருந்து மறுமுனை கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான். கூகுள் எர்த்தில் இரண்டு இடத்துக்கும் கோடு போட்டு நிலமட்டத்தைப் பார்த்தேன். ஊர்வீடு இருக்கும் தரை எங்கள் தோட்டத்துத் தரையைவிட 8 மீட்டர் உயரம். நட்டநடுவில் கொறங்காட்டு மேடு ஒன்று, எங்கள் தரையைவிட 3 மீட்டர் அதிகம். அந்த மேட்டில் வெள்வேல மரங்கள், 6 மீட்டர் வரை. ஆக, தாண்ட வேண்டிய தடை 9 மீட்டர்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை போகிற பாதை நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கிய வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும். அதற்கு ஃப்ரெனல் மண்டலம் என்று பெயர். 1.4 கிலோமீட்டருக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவில் அதன் ஆரம் சுமார் 4.2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 2.5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மரம் மட்டை இல்லாமல் காலியாக இருக்க வேண்டும்.

ஊர்வீட்டு மச்சு 6 மீட்டர், அதன்மேல் 4 மீட்டர் பைப். நில உயரத்தையும் சேர்த்தால் எங்கள் தரையிலிருந்து 18 மீட்டர். தோட்டத்து ஓட்டுவீட்டின் முகட்டில் கிண்ணத்தை, அதாவது அலையை அனுப்பி வாங்கும் டிஷ் ஆன்டெனாவை வைத்தால் 5 மீட்டர். இரண்டுக்கும் நடுப்புள்ளி 11.5 மீட்டர், தடைக்கு மேலே மிஞ்சுவது 2.5 மீட்டர்தான். இன்றைக்கு ஓடும். வெள்வேலம் இரண்டு மழை பார்த்தால் நின்றுவிடும். அதனால் முகட்டை விட்டுவிட்டுக் கிணற்றுமேட்டில் இருக்கும் தண்ணீர்த்தொட்டிக்குப் போனோம். தொட்டி 5 மீட்டர், அதன்மேல் 6 மீட்டர் பைப், மொத்தம் 11. இப்போது கோடு நடுவில் 14.5 மீட்டர் உயரத்தில் போகிறது, மிச்சம் 5.5 மீட்டர். முழு மண்டலமும் காலி. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் கிண்ணம் வாங்க வேண்டாம்.

கோட்டுக்கு வலப்பக்கம் பெரிய தென்னந்தோப்பு. தென்னைக்குள் 5 கிகாஹெர்ட்ஸ் போகவே போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டை ஆடும்போது சிக்னலும் ஆடும், நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நல்லவேளையாக எங்கள் கோடு வாய்க்கால் ஓரமாகவே போகிறது, அங்கே மரம் இல்லை. ஆனால் தெற்குத் தோட்டத்துக்காரர் வாய்க்காலை ஒட்டிப் புதிதாகத் தென்னம்பிள்ளை வைத்திருந்தார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளை வெச்சு ரண்டு வருசந்தானுங் தம்பி ஆவுது. மறைக்கற ஒசரம் வரதுக்கு இன்னும் எத்தனையோ வருசமாவும். நீ கட்டு, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். இதை முன்கூட்டியே பேசிவைப்பது முக்கியம். நாளைக்கு ஒரு மரத்துக்காக மனத்தாங்கல் வரக்கூடாது.

இருட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளை மச்சின் மேல் டார்ச் அடிக்க, நான் தொட்டியின் மேலிருந்து பார்த்தேன். வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது. பகலில் தெரியாத சின்னக் கிளைகூட இதில் தெரிந்துவிடும்.

கம்பம்

எங்கள் பக்கத்தில் ஆனி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆவணி வரைக்கும் விடாது. காற்றாலைகள் இங்கே நிற்பதே அதை நம்பித்தான். கிண்ணத்தின் விட்டம் 36 சென்டிமீட்டர்தான் என்றாலும் 6 மீட்டர் பைப்பின் நுனியில் அது காற்றை வாங்கும்.

ஒரே பைப்பாக 2 அங்குல ஜிஐ பைப் எடுத்தோம். வெல்டிங் பட்டறை அண்ணன் கண்டிப்பாகச் சொன்னார்: "ஏ கிளாஸ் பைப் ஆனிக் காத்துக்கு வளைஞ்சிருமுங்க, பி கிளாஸே போடுங்க." அடியில் கால் அங்குலத் தகடு வைத்து வெல்டு செய்து, தொட்டியின் கான்கிரீட் தூணில் நீள போல்ட்டால் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டார். தொட்டியின் மூடித் தளத்தில் ஓட்டை போட வேண்டாம், நாளைக்குக் கசியும். பைப்பின் முக்கால் உயரத்திலிருந்து மூன்று திசைக்கும் ஸ்டே கம்பி, ஒவ்வொன்றிலும் கம்பியை முடுக்க ஒரு டர்ன்பக்கிள். ஒரு கம்பியைக் கட்டுத்தறிப் பக்கம் இழுக்கப் பார்த்தோம், அப்பா விடவில்லை. "மாடு ஒரசாத பக்கமாக் கட்டு கண்ணு. அதுக கழுத்துல சிக்கிரும்" என்றார். அந்தக் கம்பியை மட்டும் மோட்டார் ரூம் சுவரில் கொண்டுபோய்க் கட்டினோம்.

கேபிள்

தொட்டியிலிருந்து வீட்டுக்கு 70 மீட்டர். ஈதர்நெட் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், ஆகவே தாங்கும். கிண்ணத்துக்குக் கரண்டும் இதே கேபிளில்தான் போகிறது, 24 வோல்ட். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் கேட்6 கேபிளில் நிறைய அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். முழுச் செம்பில் 70 மீட்டருக்கு ஒன்றரை வோல்ட்டுக்குள்தான் இறங்கும். அலுமினியத்தில் அதைவிடக் கூடுதலாக இறங்கும், அதோடு முனையில் சீக்கிரம் பூத்துப்போகும்.

வெயிலுக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிள் எடுத்து, சொட்டுநீர் மெயினுக்கு வாங்கி மீந்துகிடந்த ஒரு அங்குல ஹெச்டிபிஇ பைப்புக்குள் விட்டு, ஒரு முழ ஆழத்தில் புதைத்தோம். எலியும் அணிலும் கடிக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி. பைப்புக்குள் முதலில் கட்டுக்கம்பியை விட்டு, அதில் கேபிளைக் கட்டி இழுத்து, அப்புறம்தான் முனைகளைக் கிரிம்ப் செய்ய வேண்டும். கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், உள்ளே போகாது.

இடிக்காக இரண்டு முனையிலும் ஈதர்நெட் சர்ஜ் புரொடெக்டர். கம்பத்துக்குத் தனி எர்த்து, கரியும் உப்பும் போட்டுப் பைப் இறக்கியது. மோட்டார் எர்த்தோடு சேர்க்கவில்லை. சித்திரையில் கோடை மழைக்கு முன்னே வருகிற இடி பொல்லாதது. நேரே விழுந்தால் எதுவும் தாங்காது, பக்கத்தில் விழுந்தால் இவை காப்பாற்றும். பலமாக இடிக்கும்போது வீட்டு முனையில் கேபிளை உருவி வைத்துவிடுகிறோம்.

திருப்பிப் பிடிப்பது

கிண்ணம் ஒவ்வொன்றும் 23 டிபிஐ; அலையை ஒரே திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதற்கான அளவு அது. இரண்டும் சேர்த்து 15,000 ரூபாய்க்குள் முடிந்தது. அமைப்பில் நாடு என்ற இடத்தில் இந்தியா என்றே வைக்க வேண்டும். 5.8 பட்டையில் வெளிவரும் மொத்தச் சக்தி 36 டிபிஎம்முக்குள் நிற்க, கருவியின் சக்தியை 13க்குக் குறைத்தேன். 13ம் 23ம் 36. இந்தத் தூரத்துக்கு அதுவே தாராளம். வழியில் இழப்பது சுமார் 110.6 டெசிபல், எதிர்முனைக் கிண்ணம் திருப்பித் தருவது 23, ஆக மைனஸ் 52 வர வேண்டும்.

மாப்பிள்ளை மச்சில், நான் தொட்டியில், இருவர் காதிலும் போன். ஒருவர் திருப்பும்போது மற்றவர் கையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் யாரால் ஏறியது என்று தெரியாது. மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பும்போது முதலில் மைனஸ் 72இல் ஒரு உச்சம் வந்து இறங்கியது. அது பக்கவாட்டுக் கதிர். அங்கேயே முடுக்கிவிடாமல் இன்னும் திருப்பிக்கொண்டே போனால் உண்மையான உச்சம் வரும். எங்களுக்கு மைனஸ் 54 வந்தது. கணக்குக்கு 2 டெசிபல்தான் குறைவு. போட்ட கணக்கு காற்றில் அப்படியே வந்து நின்றதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அலைவரிசை அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்தேன். எங்கள் பிளான் 60 எம்பிபிஎஸ், 20இலேயே நூற்றுக்குமேல் ஓடுகிறது. 80 என்று விரித்து வைத்தால் இரைச்சலையும் சேர்த்து வாங்குவோம், பக்கத்தில் கட்டுகிறவர்களுக்கும் இடம் இருக்காது. காற்றுவழியில் கூடும் தாமதம் ஒன்றிரண்டு மில்லிசெகண்ட், அவ்வளவுதான்.

ஊர்வீட்டு முனை

இழை வந்ததும் மாலையில் அடிக்கடி சிவப்பு விளக்கு எரிந்தது. காற்றுவழியைச் சந்தேகப்படும் முன் ஓஎன்டியின் (இழை வந்து சேரும் பெட்டி) பக்கத்தைத் திறந்து ஒளியின் அளவைப் பார்த்தேன். மைனஸ் 26.5. ஜிபான் என்கிற சாதாரண வீட்டு இழை இணைப்பில் மைனஸ் 27 தான் கடைசி எல்லை. இழை கிலோமீட்டருக்கு அரை டெசிபல்கூடத் தின்னாது. 32 பேருக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றே 17 டெசிபல் வரை எடுத்துக்கொள்ளும். மீதி இழப்பு ஜாயின்ட்டிலும் மடிப்பிலும்தான் இருக்கும். இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டதும் கேபிள்காரரின் பையன் உடனே வந்து கம்பத்துப் பெட்டியைத் திறந்தான். கனெக்டர் அருகே இழை இறுக்கமாக மடிந்து கிடந்தது. அதை வெட்டி மறுபடி ஒட்டியதும் மைனஸ் 21. அதன்பிறகு சிவப்பு விளக்கு இல்லை. "நெட் வரலீங்க" என்று சொல்வதைவிட ஒளியின் அளவைச் சொல்வது வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது.

வீதியைத் தாண்டி வரும் இழை தாழ்வாகத் தொங்கியது. தட்டுப்போர் வண்டி அடியில் போகிற அளவுக்கு அதை உயர்த்திக் கட்டித்தரச் சொன்னோம்.

கரண்ட்

ஊர்வீட்டில் கரண்ட் போனாலும் தோட்டத்தில் நெட் நின்றுவிடும் என்பதால் இரண்டு முனைக்கும் பேட்டரி வேண்டும். கிண்ணம் 7 வாட், ரவுட்டர் 8 வாட், மொத்தம் 15. கடையில் மினி யுபிஎஸ் என்று கிடைப்பது ரவுட்டருக்கு மட்டும் சில மணி நேரம் தாங்கும். நாங்கள் 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வைத்தோம். 256 வாட்-மணியில் 80 சதவீதம் எடுத்தால் 13 மணி நேரம் வருகிறது. கிண்ணத்துக்கு மட்டும் சின்ன பூஸ்டர் மூலம் 24 வோல்ட்டாக உயர்த்துகிறோம். தோட்டத்தில் மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் படுத்து எழும். நியூட்ரல் விட்டால் 300க்கு மேல் ஏறிவிடும். சார்ஜருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

காற்றும் மயிலும்

முதல் ஆனிக்காற்றில் சிக்னல் மைனஸ் 54க்கும் 57க்கும் நடுவே ஆடியது. இந்தக் கிண்ணத்தின் கதிர் பத்துப் பன்னிரண்டு டிகிரி அகலம் இருப்பதால் அது பெரிய பாதிப்பில்லை. ஸ்டே கம்பிகளை மட்டும் ஒருமுறை முடுக்கினோம். மழையால் எதுவும் ஆகவில்லை. இந்த அலைவரிசையில் கனமழைகூட கிலோமீட்டருக்கு ஒரு டெசிபல் எடுப்பதில்லை.

மயில்தான் பிரச்சினை செய்தது. எங்கள் பக்கம் மயில் நிறைய. தொட்டி மேல் உட்காரும் பழக்கம் இருந்ததால் கிண்ணத்தின் கையிலும் வந்து உட்கார்ந்தது. ஒரு பெரிய மயிலின் எடைக்குக் கிண்ணம் கீழே குனிந்து, சிக்னல் மைனஸ் 70க்குப் போய்விட்டது. கிண்ணத்துக்கு ஒரு முழம் மேலே குறுக்கே ஒரு ஜிஐ கம்பியை வெல்டு செய்து வைத்தோம். இப்போது அது அங்கே உட்காருகிறது. கிண்ணத்தின் நட்டுகளுக்கு ஸ்பிரிங் வாஷர் போட்டு, சரியான கோணத்தில் பைப்பின்மேல் பெயின்டால் கோடு கிழித்து வைத்திருக்கிறோம். விலகினால் போனும் ஆளும் இல்லாமலே திருப்பி வைத்துவிடலாம்.

இப்போது வீட்டில் 55லிருந்து 60 வரை கிடைக்கிறது. என் வேலை தோட்டத்திலேயே நடக்கிறது. தங்கை பெண் சாயங்காலம் இங்கே வந்து ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டுப் போகிறாள். அப்பா கொப்பரை ஏலத்து விலையை மட்டுமல்ல, மழைப்படத்தையும் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

தெற்குத் தோட்டத்துக்காரரும் அதற்கு அடுத்த வீட்டாரும் எங்களிடமிருந்தே இழுத்துக்கொள்ளலாமா, மாதம் இவ்வளவு தருகிறோம் என்று கேட்டார்கள். ஆசைதான். ஆனால் ஒரு வீட்டுக்கு வாங்கிய இணைப்பைக் காசுக்குப் பிரித்துக் கொடுப்பது விற்பனை. அது உரிமம் இருப்பவர் வேலை. 2020 இறுதியில் வந்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்தில் சின்னக் கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் வைஃபை கொடுக்கலாம், ஆனால் அதற்கென்று பதிவு செய்த தொகுப்பாளர் ஒருவர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். இங்கே இரண்டு வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஊருக்குள் அவரவர் பெயரில் தனித்தனி இணைப்பு வாங்குகிறார்கள். அதற்கு எங்கள் மச்சில் இடம் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி கிண்ணம், வேறு வேறு அலைவரிசை. அடுத்த வீட்டாரின் கோடு தென்னந்தோப்பின் நுனியை உரசுகிறது. அவர்களுக்கு 9 மீட்டர் பைப் வேண்டியிருக்கும் என்று வெல்டிங் அண்ணனிடம் அளவு கொடுத்திருக்கிறேன். அவ்வளவு உயரத்துக்கு ஸ்டே கம்பி இரண்டு அடுக்காகக் கட்ட வேண்டும். ஆனி பிறப்பதற்குள் அதை நிறுத்திவிடப் பார்க்கிறோம்.